வழிப்போக்கர்க்கு வீடு



விருத்தாசலம் என்னும் பெயரைக் கேட்டவுடன் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். தொடர்வண்டியில் அடிக்கடி செல்வோர்க்கு அஃது ஒரு சந்திப்பு நிலையம். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் ‘கார்டு லைன்’ பாதையைக் கடலூர்ப் பாதையும் சேலத்துப் பாதையும் வந்து தொடும் இடம் அது. தொழில் துறையினர்க்கு அது பீங்கான் ஊர். மின்கம்பத்து இன்சுலேட்டரும் வீட்டு ஃபியூஸ் கட்டையும் சிறு பொம்மைகளும் சூளையில் வெந்து வெளிவரும் ஊர். சைவ அன்பர்க்கோ அது திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயில் கொண்ட பதி. இம்மூன்றும் உண்மையே. நான் இன்று இவ்வூரை நாலாவதாக ஒரு காரணம் பற்றி உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இருட்டிய பிறகு இவ்வூர்க்கு வந்து சேர்ந்த புதியவர் எங்கே தலைசாய்த்தார் என்பதே அது.

இது சிறிய வினாவாகத் தோன்றலாம். அரசர்கள் செய்த போர்களைப் படித்த அளவுக்கு, வழிப்போக்கர் உறங்கிய திண்ணைகளைப் பற்றி நாம் படித்ததில்லை. ஆயினும் இன்று நாட்டுப்புறத்து ஊர்களிலெல்லாம் இவ்வினா புதிதாக எழுந்துள்ளது. கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து, முன்பின் அறியாத ஒருவரின் வீட்டைப் படத்தில் பார்த்து, இரண்டு நாளைக்கு வாடகை கட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு தங்கும் முறை கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. மலையூர்களும் கடற்கரைச் சிற்றூர்களும் இதனால் மாறிவருகின்றன. இம்மாற்றத்தை அளந்தறிய வேண்டுமானால், பழைய அளவுகோல் ஒன்று நம் கையில் இருத்தல் வேண்டும். இடம் தந்தவர் யார், செலவை ஏற்றவர் யார், தீங்கு நேர்ந்தபோது பொறுப்பேற்றவர் யார் என்னும் மூன்று கேள்விகளே அந்த அளவுகோல்.

மணிமுத்தாற்றின் கரையில் உள்ள முதுகுன்றத்துக்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. காசியைக் காட்டிலும் வீசம் கூடுதலான புண்ணியம் இங்கே கிடைக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. தேவாரம் பாடிய மூவரும் இதனைப் பாடியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டில் சோழப் பேரரசியாகிய செம்பியன் மாதேவியார் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். மாசி மகத்தன்று நீராடவும் முன்னோர்க்குக் கடன் கழிக்கவும் பெருந்திரளான மக்கள் ஆண்டுதோறும் இங்கே கூடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இரவு தங்கியாக வேண்டியவர்களே. கட்டுச்சோற்று மூட்டையோடு நடந்தும் வண்டி கட்டியும் வந்த காலத்தில் ஒரே நாளில் வந்து திரும்புதல் இயலாது.

அவர்கள் முதலில் நாடியது திண்ணையை. பழைய வீடுகளின் திண்ணை வீட்டுக்காரர் காற்று வாங்குவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று. விளக்கு வைக்க மாடமும், தலைவைக்கச் சரிவாக மேடுகட்டிய சாய்வும் சில ஊர்த் திண்ணைகளில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கும். திண்ணையோ தெருவுக்குத் திறந்திருக்கும். வீட்டுக்குள் புகவிடாமலே புதியவர்க்கு இடம் தருகின்ற நுட்பமான ஏற்பாடு அது. விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள். இன்று நாம் உறவினரை அழைத்துச் சோறிடுவதை விருந்து என்கிறோம்; முன்னோர் அச்சொல்லால் முன்பின் அறியாத புதியவரையே குறித்தனர்.

புதியவரை வீட்டில் வைத்துக்கொள்வது எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதை அறிய விரும்புவோர் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பார்க்கலாம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குத் தனி மனை தருகிறாள். சமைப்பதற்குப் புதுக் கலங்களும் காய்கறியும் தருகிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையையும் விடுகிறாள். வாடகை என்ற பேச்சே அங்கில்லை. கோவலன் கொலையுண்டபின் நிகழ்வதைத்தான் நாம் பெரும்பாலும் கவனியாது விடுகிறோம். தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேன் என்று அம்முதுமகள் தீப்புகுந்து உயிர்விட்டாள் எனக் காப்பியம் கூறுகிறது. கொலைக்கும் அவளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் தன் கூரைக்கீழ் வந்தவர்க்கு நேர்ந்ததற்குத் தானே விடை சொல்ல வேண்டியவள் என்று அவள் கருதினாள். அவள் செய்ததை நான் போற்றச் சொல்லவில்லை. பொறுப்பு என்பதை அக்காலத்தார் எந்த எல்லைவரை நினைத்தனர் என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டுகிறேன்.

திண்ணை ஒருவர் இருவர்க்குப் போதும், நூற்றுக்கணக்கானோர்க்குப் போதாது. ஆகவே சாவடிகளும் மடங்களும் சத்திரங்களும் எழுந்தன. மதுரை நாயக்கர் ஆட்சியில் இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயரால் வழங்கும் சத்திரம் இன்றும் உள்ளது. ஆயினும் சத்திரம் என்னும் அமைப்பை நுணுக்கமாக அறிய வேண்டுமானால் நாம் தஞ்சைக்குத்தான் செல்லவேண்டும். இராமேசுவரத்துக்குச் செல்லும் நெடுவழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை வரிசையாகக் கட்டினர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோசி மன்னரால் 1802இல் ஏற்பட்டது.

அம்மன்னர் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயக் கும்பினியாரிடம் விட்டுவிட நேர்ந்தது. வரி போயிற்று, படை போயிற்று. ஆயினும் சத்திரங்கள் மட்டும் தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1801இல் அவர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் நடந்தவை விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. சாதி வேறுபாடின்றி வரும் வழிப்போக்கர் அனைவர்க்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியும் பண்டங்களும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதார் எவரேனும் உளரோ என்று கூவி அழைப்பர். நோயுற்றவர்க்கு மருத்துவர் உளர். கருவுற்ற பெண்டிர்க்குத் தனிக் கவனிப்பு உண்டு. வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பாலும் கல்வியும் உண்டு. ஆட்சியை இழந்த ஒருவர் எதைக் கைவிட மனமில்லாதிருந்தார் என்பது கருதத்தக்கது.

இவ்வளவுக்கும் செலவு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து. இன்ன ஊரின் இன்ன நிலத்து விளைவு இன்ன சத்திரத்துக்கு என்று எழுதிவைக்கப்பட்டது. வழிப்போக்கர் ஒன்றும் தரவேண்டுவதில்லை. ஆகவே நம் மூன்று கேள்விகளுக்கும் சத்திரம் தெளிவாக விடை கூறுகிறது: இடம் தந்தவர் அறக்கட்டளையை வைத்தவர், செலவை ஏற்றது நிலம், பொறுப்பேற்றவர் சத்திரத்து அதிகாரி.

விடை தெளிவாக இருந்ததால் நடப்பும் தூய்மையாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. அறநிலத்து வருவாயைத் தின்றவர்கள் பலர். சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்ததற்குக் காரணமே அதுதான். கோயில், பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட வருவாய், கொடுத்தவர் கருத்துக்கு மாறாகச் செலவிடப்படுகிறது என்று கூறி, அவற்றின் மேற்பார்வையை அச்சட்டம் வருவாய்க் கழகத்திடம் ஒப்படைத்தது. இன்னொரு குறையும் உண்டு. தஞ்சை மன்னரின் கடிதம் சாதி பாராமல் சோறிட்டதைச் சொன்னாலும், ஒரே பந்தியில் சோறிட்டதாகச் சொல்லவில்லை. நாட்டில் இருந்த சத்திரங்கள் பல ஒரு வகுப்பார்க்கே உரியனவாய் இருந்தன. பலவற்றில் ஒடுக்கப்பட்டோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இலவசச் சோறு என்பதற்காக வரலாற்று மாணவன் இதனை மறைத்தல் கூடாது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு, விடுதிகளிலும் உணவகங்களிலும் சாதி, சமயம் காரணமாக எவரையும் தடுத்தல் ஆகாது என்று பெயர் சொல்லி விதித்ததற்கு நீண்ட முன்கதை உண்டு.

சத்திரங்களைத் தளரச் செய்தது சட்டமன்று, இருப்புப்பாதையே. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இராமேசுவர யாத்திரிகர் வண்டியிலேயே தீவுக்குள் இறங்கினர். ஒரத்தநாட்டு நெடுவழியில் நடப்பாரைக் காணோம். தஞ்சைச் சத்திரங்களுள் சில பள்ளிகளாயின; சில மாணவர் விடுதிகளாயின. விருத்தாசலத்திலும் இதுவே நிகழ்ந்தது எனலாம். கார்டு லைன் வந்தபின், ஊரில் தங்கவேண்டியவர் நிலையத்திலேயே வண்டி மாறிப் போகலாயினர். தங்குவோர்க்கு ‘லாட்ஜ்’ என்னும் புதுவகை இல்லம் வந்தது. முன்பு நிலம் கொடுத்ததை இப்போது பயணி காசாகக் கொடுத்தார். சத்திரத்துக்குக் கல்வெட்டு இருந்ததுபோல லாட்ஜுக்குப் பெயர்ப்பலகை இருந்தது. வாயிலில் ஒரு பேரேடு. அதில் வந்தவர் பெயர், ஊர், வந்த காரணம். இப்பேரேட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், வழிப்போக்கரைத் தங்கவைக்கும் இல்லத்தை நடத்துவோர் தம் பெயரையும் இல்லத்தையும் அதிகாரியிடம் பதிந்துகொள்ள வேண்டும், இடத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. அறம் போய் வணிகம் வந்தது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அவ்வருத்தம் பாதிதான். காசு கொடுத்தவனை எந்தச் சாதி என்று கேட்கும் வழக்கம் லாட்ஜில் மெல்ல மெல்லக் குறைந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்னும் இரண்டு இளைஞர்கள் தம் வீட்டு வாடகையைக் கட்ட வழியின்றித் திகைத்தனர். அந்நகரில் அப்போது ஒரு மாநாடு கூடியது, விடுதிகள் நிரம்பிவிட்டன. அவர்கள் தம் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து, மூன்று புதியவர்க்கு இடமும் காலைச் சிற்றுண்டியும் தந்து பணம் பெற்றனர். மறு ஆண்டு நேதன் பிளெசார்சிக் என்பாரும் சேர, இதுவே ஒரு நிறுவனம் ஆயிற்று. இன்று ஏர்பிஎன்பி என்று உலகம் அறிவது அதுதான். இதைப் போன்ற வேறு தளங்களும் பின்னர்ப் பெருகின.

இத்தளத்தின் இயக்கம் எளியது. தளத்துக்குச் சொந்தமாக ஓர் அறையும் இல்லை. வீட்டுக்காரர் தம் வீட்டின் படங்களையும் வாடகையையும் பதிகிறார். பயணி பார்த்துத் தெரிந்தெடுக்கிறார். பணம் தளத்தின் வழியே செல்கிறது. தளம் தன் கூலியாக நூற்றுக்குப் பதினைந்து என்னும் அளவில், சில முறைகளில் இருவரிடமுமாகவும் சிலவற்றில் வீட்டுக்காரரிடமுமாக, எடுத்துக்கொள்கிறது. தங்கிச் சென்றவர் வீட்டுக்காரர்க்கும், வீட்டுக்காரர் தங்கிச் சென்றவர்க்கும் மதிப்பெண் இடுகின்றனர். அறிமுகமில்லாத இருவர் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு அந்த மதிப்பெண்ணே பிணை.

விருத்தாசலத்தார்க்கு இதனைச் சொல்ல நம் ஊர்க்கதையே ஒன்று உண்டு. சுந்தரர் முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் என்னும் பழமொழி அதிலிருந்து எழுந்தது. குன்னூரில் ஒரு பயணி கட்டும் வாடகையின் ஒரு பகுதி, கண்ணுக்குத் தெரியாத வழியே சென்று சான் பிரான்சிஸ்கோவில் வெளிப்படுகிறது. ஆனால் சுந்தரர் எச்சரிக்கையானவர். பொன்னை ஆற்றில் இடுமுன் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டார்; திருவாரூரில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைந்ததைக் கண்டு மீண்டும் பாடினார். இந்த மாதிரித் துண்டை நினைவில் வையுங்கள்.

நாட்டுப்புறத்துக்கு இத்தளங்கள் நன்மை செய்யவில்லையா? செய்துள்ளன. அதை முதலில் சொல்வதே முறை. ஓட்டல் கட்டப் பெருமுதல் வேண்டும். வீட்டின் பின்னறையை வெள்ளையடித்துக் கட்டில் போடுவதற்குச் சிறு முதல் போதும். கேரளத்திலும் குடகிலும் காப்பி, மிளகு விலை வீழ்ந்த ஆண்டுகளில் தோட்டத்து வீடுகளைத் தாங்கி நின்றது ‘ஹோம்ஸ்டே’ வருவாயே. அவ்வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பால் வருவது. செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைபோய்க்கொண்டிருந்தன. சில வீடுகள் தங்கும் இல்லங்களாக மாறியதனால் இன்றும் நிற்கின்றன. இவற்றையெல்லாம் இகழ்ந்து பேச எனக்கு மனமில்லை.

ஆயினும் பழைய மூன்று கேள்விகளை இப்புதிய முறையிடம் கேட்டுப் பார்ப்போம். இடம் தந்தவர் யார்? வீட்டுக்காரர் என்பீர்கள். இந்திய அரசின் சுற்றுலாத் துறை வகுத்த ஹோம்ஸ்டே விதிகளும் அப்படித்தான் எண்ணின. ஆறு அறைகளுக்கு மேல் கூடாது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வாழ்பவராக இருத்தல் வேண்டும் என்பன அவ்விதிகள். வீட்டார் உள்ளே இருந்தால் திண்ணையில் இருப்பவரைக் கவனிப்பர் என்னும் பழைய அறிவே இது. தளங்களுக்கோ இந்த நிபந்தனை இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் மலையில் ஒரு மனை வாங்கி, நான்கு குடில்கள் கட்டி, சாவியை ஒரு வேலையாளிடம் கொடுத்துவிட்டு, ‘வீடு’ என்ற பெயரால் வாடகைக்கு விடலாம். அவருக்கு ஊர் தெரியாது. ஊருக்கு அவரைத் தெரியாது. சத்திரத்துக்குக் கல்வெட்டு இருந்தது, லாட்ஜுக்குப் பலகை இருந்தது என்றேன். இவ்வீட்டுக்கு இரண்டும் இல்லை. சரியான முகவரிகூடப் பணம் கட்டிய பிறகே பயணிக்குத் தெரிகிறது. பஞ்சாயத்தார்க்கு எப்படித் தெரியும்?

இதனால் விளையும் கேடு என்ன என்பதற்கு நீலகிரியில் உள்ள மசினகுடியைக் காட்டுகிறேன். முதுமலைக் காட்டை அடுத்த சீகூர்ப் பீடபூமியில், கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி ஒன்று உண்டு. இவ்வழியில் விடுதிகள் முளைத்தன. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை யானை வழித்தடம் என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அவ்வறிவிப்பை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2018 ஆகஸ்டில் விடுதிகள் சிலவற்றுக்கு முத்திரையிடுமாறு அம்மன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது.

மூன்று திங்கள் கழிந்தன. 2021 சனவரியில், ஏற்கெனவே காயமுற்றிருந்த ஓர் ஆண் யானை மசினகுடிக் குடியிருப்புகளின் அருகே திரிந்துகொண்டிருந்தது. ஒரு தங்கும் இல்லத்தின் பக்கம் அது வந்தபோது, அங்கிருந்தோர் எரிந்துகொண்டிருந்த ஒரு பொருளை அதன்மேல் எறிந்தனர். அது யானையின் காதுப்புறத்தில் சிக்கிக்கொண்டது. தலையில் தீயோடு அவ்விலங்கு இருட்டில் காட்டை நோக்கி ஓடியதை ஒருவர் கைப்பேசியில் படமெடுத்தார். சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியில் சனவரி 19ஆம் நாள் அது இறந்தது. விசாரணையில் அவ்வில்லம் உரிய அனுமதியின்றி நடந்துவந்தது தெரியவந்தது, இருவர் கைதாயினர், கட்டடத்துக்கு முத்திரை இடப்பட்டது.

கொடியவர் சிலரின் செயல் என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்க்கு, யானை வரும் பாதையில் இரவு விளக்கும் பாட்டும் கூடாது என்பது யாரும் சொல்லாமலே தெரியும். வெளியிலிருந்து முதல் போட்டவர்க்கு அது இரண்டு நாள் விடுமுறைக்கு இடையூறாக வந்த ஒரு விலங்கு. வரும் பயணி படத்தில் பார்த்தது காட்டை, கேட்பதும் காட்டைத்தான். ஆனால் காடு தன் வழியே நடந்துவந்தால் விரட்டவேண்டியதாகிறது.

தண்ணீரையும் எண்ண வேண்டும். கோடையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகள் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அவ்விரண்டு இடங்களுக்கும் செல்ல ‘இ-பாஸ்’ பெறவேண்டும் என்ற முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் எல்லை வகுக்கப்பட்டது. மலை எத்துணைப் பேரைத் தாங்கும் என்பதை அறிய வண்டிகளை எண்ணவேண்டியதாயிற்று. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பதை எண்ணுவது அதனினும் அரிது.

பிற நாடுகளும் இவ்வாறே தடுமாறுகின்றன. ஜப்பான் 2018 சூனில் கொண்டுவந்த சட்டத்தால், குடியிருப்பு வீட்டை ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மேல் பயணிகளுக்கு விடலாகாது என்று விதித்தது. பார்சிலோனா நகராட்சி, அங்குள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பரோடு முடித்துவிடப்போவதாக 2024இல் அறிவித்தது. இவை நகரங்களின் கவலை. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வேல்ஸ் நாட்டின் குவினெத் வட்டாரம். அது மலையும் கடலும் சூழ்ந்த நாட்டுப்புறம். வெல்ஷ் மொழி வீட்டிலும் தெருவிலும் இன்னும் உயிரோடு வழங்கும் பகுதி. வீடுகள் விடுமுறை இல்லங்களாக மாற மாற விலை ஏறியது; அவ்வூர் இளைஞர் வீடு வாங்க இயலாமல் வெளியேறினர்; அவர்களோடு மொழியும் வெளியேறும் என்று அவ்வட்டார மன்றம் அஞ்சியது. குடியிருப்பு வீட்டை விடுமுறை வாடகைக்கு மாற்ற முன்னிசைவு பெறவேண்டும் என்று அது 2024 செப்டம்பரில் விதித்தது. அதை எதிர்த்து வழக்கும் எழுந்தது. ஓர் ஊரில் வாடகை வீடு பற்றிய விதி, மொழியைக் காக்கும் விதியாகவும் கருதப்பட்டது என்பதைத் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டும்.

சத்திர வாயிலில் சிலர் நிறுத்தப்பட்டனர் என்றேன். அக்கதவும் முற்றிலும் திறந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே வகையான வேண்டுகோளைக் கறுப்பினத்தவர் பெயரால் அனுப்பியபோது, வெள்ளையர் பெயரால் அனுப்பியதைவிட நூற்றுக்குப் பதினாறு அளவு குறைவாகவே வீட்டுக்காரர் இசைவு தந்தனர் என்று கண்டனர். லாட்ஜ்காரர் காசைப் பார்த்தார். புதிய வீட்டுக்காரர் பெயரையும் படத்தையும் பார்க்கிறார். வீடு என்னும் சொல்லோடு வீட்டின் பழைய தடைகளும் திரும்பி வருகின்றன.

விருத்தாசலத்துக்கு மீள்வோம். இவ்வூர் விடுமுறை ஊரன்று, மலையில்லை, கடலில்லை. வருவோர் கோயிலுக்கு வருவர், வண்டி மாற வருவர், பீங்கான் வாங்க வருவர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண் இங்கே அச்சில் வார்க்கப்பட்டு, காய்ந்து, மெருகு பூசப்பட்டுச் சூளை ஏறுகிறது. பானை சுடும் சூளையைக் காட்டிலும் பீங்கான் சூளைக்கு மிகுந்த வெப்பம் வேண்டும். எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் சிறு பட்டறைக்காரர் கை நடுங்கும். பட்டறைக்கு மேல் ஓர் அறையைப் பயணிக்கு விட்டால் என்ன என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். பொம்மை வார்ப்பதை நேரில் பார்க்க நகரத்தார் வருவார்கள். சில பொம்மைகளை அங்கேயே வாங்கிச் செல்வார்கள் என்பது அவர் கணக்கு. தவறான கணக்கன்று. அவர் அந்த வீட்டிலேயே வாழ்கிறவர். பக்கத்து வீட்டாரை மாமா என்றும் அத்தை என்றும் அழைக்கிறவர். இரவில் கூச்சல் எழுந்தால் காலையில் அவரைத்தான் கேட்பார்கள். நான் அவரிடம் தயங்காமல் செய்யுமாறு சொன்னேன். இதே அறையை ஊரில் இல்லாத ஒருவர் விலைக்கு வாங்கிப் பூட்டுக்கு எண் வைத்து விடுவாரானால், என் விடை வேறாக இருந்திருக்கும்.

இவ்வூரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் உள்ளது. கடன் கொடுத்து ஏமாந்தவரும் பொருளைப் பறிகொடுத்தவரும் தம் குறையைத் தாளில் எழுதி, அங்கே பிராது கட்டுவர். முருகப்பெருமானையே ஒரு வழக்கு மன்றமாகக் கருதும் வழக்கம் அது. பிராது கட்டுவோர் தம் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுவர். இப்புதிய முறையில் பயணிக்குக் குறை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வீட்டுக்காரர்க்குக் குறை இருந்தாலும் அவ்வாறே. கிணறு வற்றிய அயல்வீட்டார்க்கு மட்டும் பிராது கட்ட அங்கே இடமில்லை. அவர் விருந்தினரும் அல்லர், வீட்டுக்காரரும் அல்லர்.

சுந்தரர் வெட்டி வைத்துக்கொண்ட மாதிரித் துண்டை நினைவில் வைக்கச் சொன்னேன். ஓர் ஊரில் எத்தனை வீடுகள் இவ்வாறு விடப்படுகின்றன, எத்தனை இரவுகள், என்ன வருவாய் என்னும் கணக்குத்தான் அத்துண்டு. அது தளத்தின் கையில் உள்ளது. ஊரின் கையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஒரு சட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவெண் வேண்டும் என்னும் இடங்களில், தளங்கள் தங்கல் கணக்கைத் திங்கள்தோறும் அரசுக்குத் தரவேண்டும் என்று விதித்து, அதற்கு 2026 மே 20ஆம் நாளைத் தொடக்கமாகக் குறித்தது. நம் மலையூர்ப் பஞ்சாயத்துகளுக்கும் இத்தகைய கணக்கு வேண்டும் என்பது என் கருத்து. வரி பெறுவதற்கு மட்டுமன்று. குடிநீர்க் குழாயின் அளவைத் தீர்மானிப்பதற்கும் அது வேண்டும்.

தஞ்சைச் சத்திரங்களின் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதிய கட்டுகளாக இன்றும் உள்ளன. அவற்றைப் படிக்கக் கற்றவர்கள், எந்தச் சத்திரத்துக்கு எந்த நிலத்து விளைவு வந்தது, அது எவ்வாறு செலவாயிற்று என்று இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் எடுத்துச் சொல்கின்றனர். இன்னும் இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர், 2020ஆம் ஆண்டில் மசினகுடியில் எத்தனை பேர் இரவு தங்கினர் என்று அறிய விரும்பினால், அவர் தேடவேண்டிய ஏடு அந்த ஊரிலும் இராது, உதகைக் கலெக்டர் அலுவலகத்திலும் இராது.